ஏற்காட்டில் 34 பிள்ளைகள், 3 மணி நேரம்: புறக்கோள் கண்டுபிடிப்பதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கொண்டைஊசி (டிசம்பர் 4, இரவு 9.10)

வணக்கம். மலைமேல் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். வீடு அஸ்தம்பட்டியில். தினமும் பஸ்ஸில் இருபது வளைவு ஏறி இருபது வளைவு இறங்குகிறேன், பெயர்க் காரணம் அதுதான்.

போன வாரம் வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்கள், அதாவது புறக்கோள்கள் பற்றி பத்து நிமிட வீடியோ ஒன்று போட்டேன். நீலம், ஆரஞ்சு, வளையம், மேகம் என்று எல்லாம் பளபளவென்று இருந்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "இதையெல்லாம் யார் டீச்சர் போட்டோ எடுத்தது?" என்றான். போட்டோ இல்லை, வரைந்த படம் என்றேன். "அப்போ கதையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டான். என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. நட்சத்திரத்தின் வெளிச்சம் குறையும், அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று ஏதோ சொல்லி மணி அடிக்கும் வரை சமாளித்தேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் கிடைக்கும். 34 பிள்ளைகள். நெட் சிக்னல் மேகத்தைப் பொறுத்தது. செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். படம் காட்டாமல், அவர்களே ஒரு கோளைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?

தட்டுவடை_செட் (டிசம்பர் 4, இரவு 9.48)

டீச்சர், நிஜத் தரவையே கொடுத்துவிடுங்கள். டெஸ் என்ற நாசா செயற்கைக்கோள் 2018 ஏப்ரலில் போனது. வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் 27 நாள் விடாமல் பார்க்கும். தரவு எல்லோருக்கும் இலவசம். வாஸ்ப்-18 என்று ஒரு விண்மீன், அதன் கோள் ஒரு நாள்கூட ஆகாமல், 0.94 நாளில், ஒரு சுற்று முடித்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சம் கிட்டத்தட்ட 1 சதவீதம் இறங்கி ஏறும். வரைபடத்தைப் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி இருக்கும்.

நான் பிரிண்ட் போட்டுத் தருகிறேன். பெயரை மறைத்து வெறும் புள்ளிகளை மட்டும் கொடுங்கள். எங்கே இறங்குகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ஸ்கேல் வைத்து அளக்கட்டும். நடுவில் ஒரு இடத்தில் புள்ளியே இருக்காது. அது பூமிக்குத் தரவு அனுப்பும் நேரம், கோள் இல்லை. நான் முதல் தடவை அதைப் பார்த்து "பெரிய கோள்" என்று எழுதி அசிங்கப்பட்டிருக்கிறேன்.

கேள்விக்குறி (டிசம்பர் 4, இரவு 10.15)

தப்பாக நினைக்க வேண்டாம். என் பெண்ணும் பத்தாவதுதான். மார்ச்சில் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு ஜனவரியில் மூன்று மணி நேரம் இதற்கா? ஒரு மார்க் கேள்விகூட வராதே.

பழைய_சாக்பீஸ் (டிசம்பர் 5, காலை 6.05)

கேள்விக்குறி அவர்களே, வரும். டாப்ளர் விளைவு பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்திலேயே இருக்கிறது. முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் எடுத்தவன் சொல்கிறேன், ரயில் ஊதல் உதாரணத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். ஒளிக்கும் அதே கதைதான் என்று யாரும் தொட்டுக் காட்டுவதில்லை.

டீச்சரம்மா, வெளிச்சம் குறைவதற்கு முன்னால் தள்ளாட்டத்தைக் காட்டுங்கள். வகுப்பிலேயே கனமான பையனையும் ஒல்லியான சின்னப் பிள்ளையையும் கை கோத்துத் தட்டாமாலை சுற்றச் சொல்லுங்கள். சின்னது பெரிய வட்டம் போடும். பெரியவனும் ஒரே இடத்தில் நிற்க முடியாது, சின்னதாக ஒரு வட்டம் போட்டே ஆக வேண்டும். இப்போது சின்னப் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவன் ஆடுவதைப் பார்த்தே அவன் கையை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? மிஷல் மேயர், டிடியே கெலோ என்ற இரண்டு வானியலாளர்கள் 1995இல் 51 பெகாசி என்ற விண்மீனில் கண்டது அதைத்தான். விண்மீன் நம் பக்கம் வரும்போது ஒளி துளி நீலம் பக்கமும், விலகும்போது துளி சிவப்பு பக்கமும் நகரும். நொடிக்கு 56 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் போகிறது, மணிக்கு 200 கிலோமீட்டர். கோள் ஒரு சுற்றுக்கு எடுப்பது 4.23 நாள். 2019இல் அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் வியாழன் சூரியனை ஆட்டுவது நொடிக்கு 12.5 மீட்டர்தான், மணிக்கு 45 கிலோமீட்டர், டவுன் பஸ் வேகம். பூமி ஆட்டுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர். தவழும் குழந்தை அதைவிட வேகமாகப் போகும்.

பிள்ளைகளுக்கு ஊர்ப் பெருமை வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. வேறு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று முதலில் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் ஜேக்கப், 1855இல். 70 ஒபியூகி என்ற இரட்டை விண்மீன் கணக்குப்படி சுற்றவில்லை, நடுவில் ஏதோ இழுக்கிறது என்றார். பெருமை பாதிதான். பிற்பாடு அது தப்பு என்று ஆகிவிட்டது.

தறிச்சத்தம் (டிசம்பர் 5, மதியம் 1.30)

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், அம்மாபேட்டையிலிருந்து. எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை, வீட்டில் தறி.

ஐயா சொன்ன தட்டாமாலை அருமை. ஆனால் அதில் எண் வராது. பிள்ளைகள் கையால் ஒரு எண்ணை எழுதினால்தான் "கதையா" என்ற கேள்வி போகும். வெளிச்சம் குறைவதைச் செய்துவிடலாம், முன்னூறு நானூறு ரூபாய் ஆகும்.

கேட் தூணில் மாட்டுவார்களே, வெள்ளை உருண்டை விளக்கு, 25 சென்டிமீட்டர் விட்டம், கண்ணாடியில் வாங்குங்கள். உள்ளே 60 வாட்ஸ் குண்டு பல்பு. இதுதான் சூரியன். சூரியனின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வியாழன், அப்படியானால் 2.5 சென்டிமீட்டர், ஒரு நெல்லிக்காய். பூமி 109இல் ஒரு பங்கு, அதாவது 2.3 மில்லிமீட்டர். நம் ஊரில் அதற்கு அலைய வேண்டாம், ஒரு ஜவ்வரிசி. சேலத்துப் பிள்ளைகளுக்கு பூமியை ஜவ்வரிசியாகக் காட்டுவதைவிட வேறென்ன வேண்டும்.

நெல்லிக்காய் மறைக்கும் பரப்பு பத்தில் ஒன்றின் வர்க்கம், நூறில் ஒன்று, 1 சதவீதம். ஜவ்வரிசி மறைப்பது 0.0084 சதவீதம். இந்த வர்க்கத்தைத்தான் பிள்ளைகள் மறப்பார்கள். வெளிச்சம் 1 சதவீதம் குறைந்தால் கோள் நூறில் ஒரு பங்கு என்று எழுதி வைப்பார்கள், பாருங்கள்.

அளப்பதற்கு போனை நம்ப வேண்டாம். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் பத்துப் பதினைந்து லக்ஸ்தான் (வெளிச்சத்தின் அலகு) காட்டும், மலிவான போனில் 14, 15 என்று முழு எண்ணாகத் தாவும், அதில் 1 சதவீதம் எங்கே தெரியப் போகிறது. ஐபோனில் அந்த சென்சாரை ஆப்களுக்குத் திறந்தே விடுவதில்லை. உடைந்த சோலார் தோட்ட விளக்கிலிருந்து சின்ன பேனலைக் கழற்றுங்கள். மஞ்சள் மல்டிமீட்டரில் 200 மைக்ரோஆம்ப் என்று ஒரு இடம் இருக்கும், அதில் வைத்து நேராக இணையுங்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப கரண்ட் வரும், தசமம் ஒரு இடம் காட்டும். நெல்லிக்காயை நூலில் கட்டி, சின்னப் பிள்ளை சைக்கிள் சக்கரத்தைப் படுக்கப் போட்டு விளிம்பில் தொங்கவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றுங்கள்.

காப்பித்தோட்டம் (டிசம்பர் 5, இரவு 8.20)

நான் மலைவாசி, மஞ்சக்குட்டைப் பக்கம். எனக்கு இதில் ஒரு மனக்குறை. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் சனிக் கோளையே தொலைநோக்கியில் பார்த்ததில்லை. இத்தனை ஒளியாண்டு தள்ளி இருப்பதை எதற்கு நெல்லிக்காய் வைத்துக் காட்ட வேண்டும்? மலைக்கு மேலே இருக்கிறோம், வானம் இருக்கிறது, அதைக் காட்டுங்கள் முதலில்.

தட்டுவடை_செட் (டிசம்பர் 5, இரவு 8.41)

அண்ணா, டிசம்பரில் உங்கள் வானத்தில் என்ன தெரிகிறது என்று நேற்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தீர்கள். வெள்ளையாக இருந்தது.

காப்பித்தோட்டம் (டிசம்பர் 5, இரவு 8.55)

பனி இறங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஜனவரி பாதிக்கு மேல் தெளிந்துவிடும். லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் சேலம் வெளிச்சம் முழுக்கத் தெற்கே கிடக்கும், அதனால் வடக்குப் பக்கம் பாருங்கள். பெர்சியஸ் கூட்டத்தில் அல்கால் என்று ஒரு விண்மீன், வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, மங்கலானது பிரகாசமானதை மறைக்கும்போது வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு தடவை. கருவியே வேண்டாம், பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டால் போதும். இதைப் பார்த்த பிள்ளை, ஒன்று குறுக்கே வந்தால் மங்கும் என்பதை வாழ்நாளில் மறக்காது.

ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறதே, 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதை அங்கே காத்திருந்து பார்த்தார்கள். நேரம் வருவதற்கு முன்பே விண்மீன் ஒரு தடவை மினுக்கென்று மங்கியது. புதிய துணைக்கோள் என்று நினைத்தார்கள். அது யுரேனஸின் வளையம். நம் பக்கத்து மலைக் கதை, இதையும் சொல்லுங்கள்.

கொண்டைஊசி (டிசம்பர் 19, இரவு 10.02)

எல்லோருக்கும் நன்றி. அரையாண்டுத் தேர்வுப் பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் வீட்டு ஹாலில் ஒத்திகை பார்த்தேன். கணவர் சக்கரம் சுற்ற, மகன் மீட்டர் படிக்க, நான் எழுதினேன். உருண்டை விளக்கு செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது. (செவ்வாய்க் கோளுக்கு ஏன் பேட்டை என்று மகன் கேட்டான். செவ்வாய்க்கிழமைச் சந்தை என்றதும் அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.)

ஒரு சிக்கல். பேனல் விளக்கிலிருந்து சரியாக இரண்டு மீட்டர். எதுவும் மறைக்காதபோது 162.0. நெல்லிக்காய் குறுக்கே வரும்போது 155.5. அப்படியானால் 4 சதவீதம். வர்க்கமூலம் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு, நெல்லிக்காய் ஐந்து சென்டிமீட்டர் என்று ஆகிறது! நெல்லிக்காயை நூல் வைத்து அளந்தேன், 2.5தான். நாலு தடவை செய்தேன், நாலு தடவையும் அதே. எங்கே தப்பு?

தறிச்சத்தம் (டிசம்பர் 19, இரவு 10.30)

சக்கரத்தை எங்கே வைத்தீர்கள் அக்கா? விளக்கைச் சுற்றியா, இல்லை நடுவிலா?

கொண்டைஊசி (டிசம்பர் 19, இரவு 10.34)

விளக்கு மேஜைமேல், அங்கே சக்கரம் நிற்கவில்லை. அதனால் விளக்குக்கும் பேனலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு வைத்தோம்.

பழைய_சாக்பீஸ் (டிசம்பர் 20, காலை 5.50)

அதுதான் அம்மா. பாதி தூரத்தில் வைத்தால் நெல்லிக்காய் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும், பரப்பு நாலு மடங்கு. உங்கள் அளவு தப்பில்லை, 4 சதவீதம் சுத்தமான விடை. கட்டை விரலால் சேர்வராயன் மலையையே மறைப்பதில்லையா, அதுபோலத்தான். உண்மையான விண்மீன் பல ஒளியாண்டு தள்ளி இருப்பதால் கோளும் விண்மீனும் நமக்கு ஒரே தூரம், இந்தத் தொல்லை அங்கே இல்லை.

2012 ஜூன் 6ஆம் தேதி காலை, சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன்மேல் ஒரு கரும்புள்ளியாக நின்றது. பள்ளி மைதானத்தில் பதினான்காம் நம்பர் வெல்டிங் கண்ணாடி வைத்துப் பத்தே கால் மணி வரை பார்த்தோம். அன்று வெள்ளி மறைத்தது சூரியனில் சுமார் 0.1 சதவீதம். வேறொரு விண்மீனிலிருந்து யாராவது இதே வெள்ளியைப் பார்த்தால் 0.0076 சதவீதம்தான் குறையும். வெள்ளி நமக்குப் பக்கத்தில், சூரியன் தூரத்தில் இருப்பதால் நாம் பன்னிரண்டு மடங்குக்கு மேல் அதிகமாகக் கண்டோம். உங்கள் ஸ்டூலில் நடந்ததும் அதேதான். அடுத்த வெள்ளி கடப்பு 2117 டிசம்பரில், அதற்குள் மேஜையைச் சரி செய்துவிடுங்கள்.

தறிச்சத்தம் (டிசம்பர் 20, காலை 9.15)

விளக்கைச் சுற்றி 25 சென்டிமீட்டரில் சுற்றினால் 1.3 சதவீதம் வரும். முழு 1 வராது, பரவாயில்லை, ஏன் என்று பிள்ளைகள் கணக்குப் போடட்டும். இன்னொன்று, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பேனலில் விழும். அதில் நெல்லிக்காய் நிழல் இல்லை, அதனால் இறக்கம் குறைவாகத் தெரியும். விளக்குக்குப் பின்னால் கறுப்புப் போர்வை தொங்கவிடுங்கள்.

ஜவ்வரிசியைத் தூக்கிப் போடாதீர்கள். உருண்டை விளக்கில் அது ஒன்றுமே காட்டாது. ஆனால் டிராப்பிஸ்ட்-1 என்று ஒரு குட்டி விண்மீன் இருக்கிறது, 40 ஒளியாண்டு, அதைச் சுற்றி ஏழு கோள்கள் என்று 2017இல் அறிவித்தார்கள். சூரியன் 25 சென்டிமீட்டர் என்றால் அது 3 சென்டிமீட்டர். பழைய பால் நிற ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று தேடுங்கள், அதன் முன்னால் ஜவ்வரிசி தெரியும்.

கொண்டைஊசி (ஜனவரி 11, இரவு 11.20)

நேற்று முடிந்தது. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் தட்டாமாலை. அந்தக் கடைசி பெஞ்சுப் பையன்தான் கனமானவன், அவனோடு சுற்றிய பெண் வகுப்பிலேயே குட்டி. மற்றவர்கள் அவன் காலடியைச் சாக்பீஸால் குறித்தார்கள், தரையில் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. "நான் நின்ற இடத்திலேதான் நின்றேன்" என்று அவன் சாதித்தான், குறி காட்டிக் கொடுத்தது. பிறகு 51 பெகாசியின் 4.23 நாளைக் கொடுத்து, சுற்றும் காலத்திலிருந்து தூரத்தைச் சொல்லும் கெப்ளர் மூன்றாம் விதியைப் போடச் சொன்னேன். 0.05 வானியல் அலகு வந்தது (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் 1). புதன் 0.39இல் இருக்கிறது. வியாழன் மாதிரி ஒன்று சூரியனுக்கு இவ்வளவு ஒட்டியா என்று அவர்களே முகம் சுளித்தார்கள். அப்படிப்பட்ட கோள் இருக்கலாம், தேடுங்கள் என்று ஓட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் 1952இலேயே எழுதினார், நாற்பது வருடம் யாரும் சட்டை செய்யவில்லை என்றதும் ஒரு பெண், "எங்கள் வீட்டிலும் நான் சொன்னால் அப்படித்தான் டீச்சர்" என்றாள்.

அப்புறம் விளக்கு. ஜன்னலுக்கு அட்டை, பின்னால் கறுப்புப் போர்வை. 34 பேரையும் விளக்கைச் சுற்றித் தரையிலும் பெஞ்சிலும் பெஞ்சுமேல் நின்றும் இருக்க வைத்து, நெல்லிக்காய் விளக்கின்மேல் போவது யாருக்குத் தெரிகிறது என்று கை தூக்கச் சொன்னேன். எல்லோரும் தூக்கவில்லை. மீதிப் பேருக்கு அது மேலேயோ கீழேயோ போய்விட்டது. பூமி மாதிரி தூரத்தில் சுற்றும் கோள் என்றால் இருநூறில் ஒருவருக்குத்தான் அந்த வாய்ப்பு என்றேன். இதனால்தான் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை ஒரேயடியாகப் பார்த்துக்கொண்டிருந்தது என்று புரிய வைக்க நான் பாடுபடவே இல்லை.

பிறகு அளவு. மீட்டரை போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்தி எண்ணை எழுதினார்கள். 162.0, 162.0, 161.9, 159.9, 159.8, 162.0. அழகாக 1.3. மூன்று தடவை ஒரே இடைவெளியில் வந்தால்தான் கோள் என்று சட்டம் போட்டிருந்தேன், மூன்றும் வந்தது, கைதட்டல்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது குழு எழுதும்போது 162லிருந்து 156.5க்கு விழுந்தது. விழுந்தது எழவே இல்லை, ஐந்து நிமிடம் அங்கேயே நின்றது. ஒரே கூச்சல். "ரெண்டாவது கோள் டீச்சர், பெரிய கோள்!" வர்க்கமூலம் வேறு எடுத்துவிட்டார்கள். நானும் ஒரு நொடி நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூலையில் உட்கார்ந்திருந்த பெண், தோட்டத் தொழிலாளி மகள், அதிகம் பேசமாட்டாள், மெதுவாகக் கேட்டாள்: "யாரும் சக்கரமே சுற்றவில்லையே டீச்சர்?" சுற்றவில்லைதான். நெல்லிக்காய் விளக்குக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டிருந்தார்கள்.

தறிச்சத்தம் (ஜனவரி 12, காலை 7.40)

ஐயோ, நான் சொல்லியிருக்க வேண்டும் அக்கா. குண்டு பல்பில் வோல்டேஜ் 1 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் மூன்று சதவீதத்துக்கு மேல் இறங்கும். 230இல் இரண்டு வோல்ட், அவ்வளவுதான். எங்கள் தெருவில் சாயங்காலம் தறி எல்லாம் ஒன்றாக ஓடும்போது தினமும் இதுபோல் பத்துக் கோள் கண்டுபிடிக்கலாம்.

பழைய_சாக்பீஸ் (ஜனவரி 12, காலை 8.10)

டீச்சரம்மா, வெட்கப்படாதீர்கள். உங்கள் மோட்டார் கதை அப்படியே ஒருமுறை நடந்திருக்கிறது.

பீட்டர் வான் டி காம்ப் என்று ஒரு வானியலாளர், அமெரிக்காவில் ஸ்ப்ரூல் ஆய்வகத்தில் பர்னார்ட் விண்மீனைப் பல வருடம் விடாமல் படம் பிடித்தார். அது லேசாகத் தள்ளாடுகிறது, வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று இழுக்கிறது என்று 1963இல் அறிவித்தார். பாடப் புத்தகம் வரை போனது. பத்து வருடம் கழித்து அதே தொலைநோக்கியில் எடுத்த வேறொரு விண்மீனின் புகைப்படத் தட்டுகளை ஜான் ஹெர்ஷி என்பவர் அளந்தபோது, அதுவும் அதே வருடங்களில் அதே மாதிரி தாவியிருந்தது. சம்பந்தமே இல்லாத இரண்டு விண்மீன்கள் எப்படிச் சேர்ந்து ஆடும்? லென்ஸைக் கழற்றி மாட்டிச் சரிசெய்த தேதிகளோடு பொருந்தியது. ஆடியது தொலைநோக்கி.

வான் டி காம்ப் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. 1995 மேயில் இறந்தார், அதே அக்டோபரில் 51 பெகாசி வந்தது. இன்னொரு வேடிக்கை, 2024இல் பர்னார்ட் விண்மீனுக்கு நிஜமாகவே ஒரு சின்னக் கோள் இருக்கிறது என்று கண்டார்கள், 3.15 நாளில் சுற்றுவது. அவர் சொன்னது அது இல்லை.

அந்தப் பெண் கேட்டதும் ஹெர்ஷி கேட்டதும் ஒரே கேள்வி. அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்விக்குறி (ஜனவரி 12, காலை 9.30)

முதலில் மார்க் கேள்வி கேட்டவன் நான்தான். இந்த இழையை என் பெண்ணிடம் காட்டினேன். அவள் கேட்கிறாள்: மோட்டார் ஓடும்போதே நெல்லிக்காயும் குறுக்கே வந்தால் எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரியவில்லை.

தறிச்சத்தம் (ஜனவரி 12, மதியம் 1.15)

நல்ல கேள்வி. இரண்டாவது விளக்கு. அதே இணைப்பில், அதே 60 வாட்ஸ் குண்டு பல்பு, அதற்குத் தனி பேனல், தனி மீட்டர், முன்னால் எதுவும் சுற்றாது. வோல்டேஜ் இறங்கினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்துக்கொண்டே வாருங்கள். மோட்டார் மறைந்துவிடும், நெல்லிக்காய் நிற்கும். வானியலில் ஒப்பீட்டு விண்மீன் என்று இதைத்தான் வைத்திருக்கிறார்கள், மெல்லிய மேகம் கடந்தால் எல்லா விண்மீனும் சேர்ந்து மங்கும், கோள் கடந்தால் ஒன்று மட்டும் மங்கும்.

ஒரு எச்சரிக்கை, மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டாவதுக்கு எல்ஈடி போடாதீர்கள். நல்ல எல்ஈடி உள்ளேயே வோல்டேஜைச் சரிக்கட்டிக்கொள்ளும், அது மங்காது, அப்புறம் மோட்டார் மறுபடியும் கோளாகிவிடும். ஒப்பீட்டு விண்மீனையும் நிறம் பொருந்திப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

தட்டுவடை_செட் (ஜனவரி 12, இரவு 7.50)

டீச்சர், நான் கொடுத்த பிரிண்ட் என்ன ஆச்சு?

கொண்டைஊசி (ஜனவரி 12, இரவு 9.05)

அதையும் சொல்கிறேன். மோட்டாருக்கு முன்னால் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார்கள். பின்னால் கொடுத்ததால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் சண்டை. நடுவில் வெற்று இடத்தை யாரும் கோள் என்று சொல்லவில்லை, தம்பி, நீங்கள்தான் சொன்னீர்கள். "செயற்கைக்கோளுக்கு மோட்டார் போட்டிருப்பார்கள்" என்றான் ஒருவன். ஸ்கேல் வைத்து இருபது இறக்கங்களை எண்ணி நாளை வகுத்து 0.94 என்று எழுதினார்கள், இரண்டு குழு 0.95.

ஜவ்வரிசியும் நடந்தது. சின்ன பல்பு, பேனல் ஐம்பது சென்டிமீட்டரில், ஜவ்வரிசி பல்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில். நூலில் கட்ட முடியவில்லை, தலைமுடியில் பசை வைத்து ஒட்டினோம். 142.0இலிருந்து 141.0. அந்த ஒரு புள்ளிக்கு மூச்சு விடாமல் பார்த்தார்கள். பூமி அளவுக் கோள், விண்மீன் சின்னது என்பதால் பிடிபட்டது. முடி மட்டும் எவ்வளவு மறைக்கிறது என்று அளந்தீர்களா என்று யாராவது கேட்பீர்கள், அவர்களே கேட்டு அளந்தார்கள், மீட்டர் அவ்வளவாக அசையவில்லை.

கடைசி பெஞ்சுப் பையன் கிளம்பும்போது, "அந்த வீடியோவில் ஆரஞ்சு கலர் எப்படித் தெரிந்தது டீச்சர்?" என்றான். இறக்கத்திலிருந்து அளவு வரும், தள்ளாட்டத்திலிருந்து எடை வரும், இரண்டையும் சேர்த்தால் அடர்த்தி வரும், கலர் வராது, வரைந்தவர் போட்டது என்றேன். "அப்போ அது மட்டும் கதை" என்றான். சரி என்றேன்.

காப்பித்தோட்டம் (ஜனவரி 12, இரவு 9.40)

டீச்சர், மனக்குறையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அல்கால் பாக்கி. இரண்டு நாளாக வடக்கு சுத்தமாக இருக்கிறது. ஒருமுறை மங்கியதற்கு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மூன்று மணி நேரம் முன்னதாகவே மங்கியிருக்கும், அதனால் ராத்திரி பதினொன்றுக்கு ஒரு தடவை வந்தால் அடுத்தது எட்டு மணிக்கு வந்துவிடும், பிள்ளைகளுக்கு வசதி. எங்கள் களத்தில் பார்க்கலாம், காப்பி காயப்போட்ட தார்ப்பாயைச் சுருட்டிவிடுகிறேன். எல்லோரும் குல்லா கொண்டு வர வேண்டும்.

கொண்டைஊசி (ஜனவரி 12, இரவு 9.52)

தலைமை ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன். மூலையில் உட்காரும் பெண்ணின் வீடு உங்கள் களத்துக்கு அடுத்த லைன்தான். அவளிடம் நோட்டைக் கொடுத்து இன்றிலிருந்தே தினம் ஏழு மணிக்கு அல்காலையும் பக்கத்து விண்மீனையும் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

தறிச்சத்தம் (ஜனவரி 12, இரவு 10.05)

நானும் வருகிறேன் அக்கா. இரண்டாவது உருண்டை விளக்கும் மீட்டரும் எடுத்து வருகிறேன், மோட்டாரைப் போடச் சொல்லி இன்னொரு தடவை பார்த்துவிடலாம். கடைசி பஸ் கீழே எத்தனை மணிக்கு?

காப்பித்தோட்டம் (ஜனவரி 12, இரவு 10.11)

கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். இங்கேயே படுத்துக்கொள்ளலாம்.